ஓம், அதோடு

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். காலபோக விதைப்பு முடிந்துவிட்டது, மழையும் விட்டுவிட்டுப் பெய்கிறது.

போன கிழமை நீ அந்த வகுப்பைப் பற்றிச் சொன்னதிலிருந்து அதே யோசனைதான். வேலையிடக் கூட்டத்தில் திடீரென்று கேள்வி வந்தால் வாயடைத்துப் போகிறது, அதற்காக இம்ப்ரோவ் என்கிற, நின்ற இடத்திலேயே வசனம் உண்டாக்கி நடிக்கும் நாடகம் பழகுகிறேன் என்றாய். எழுதி வைத்த வசனம் கிடையாது. எதிரில் நிற்பவர் சொல்வதை ‘ஓம்’ என்று ஏற்று, ‘அதோடு’ என்று ஒன்றைச் சேர்க்க வேண்டுமாம். சிக்காகோவில் வயோலா ஸ்போலின் என்பவர் குடியேறி வந்த குடும்பங்களின் பிள்ளைகளோடு நடத்திய விளையாட்டுகளில் இருந்து வளர்ந்த கலை, அவரின் மகன் வேறு சிலரோடு சேர்ந்து 1959இல் அங்கே நாடகக் குழு தொடங்கினார் என்றும் சொன்னாய். குடியேறி வந்த பிள்ளைகள் என்றதும் எனக்கு உன் முகம்தான் வந்தது.

முள்ளியவளையில் கோவலன் கூத்து ஆடினவனுக்கு இது விளங்கும், பிள்ளை. ஒருமுறை விடியப்புறம் இரண்டு மணி இருக்கும், சிலம்பு விற்கும் கட்டம். கோவலனாகக் களரிக்கு வந்து மடியில் கை வைக்கிறேன், சிலம்பு இல்லை. உடுப்பு மாற்றிய இடத்தில் விட்டுவிட்டேன். பாட்டுத் தொண்டைக்குள் நின்றுவிட்டது. தட்டானாக ஆடினவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். “என்ன செட்டியாரே, பொருளை வெளியே எடுக்கப் பயமோ? ஊரெல்லாம் கள்வர் என்று யாரும் சொன்னார்களோ?” என்றார். ஏட்டில் இல்லாத வசனம்! கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தில் அடியைப் பிடித்தார். எனக்கு உயிர் வந்தது. “ஓம் ஐயா, அதனால்தான் ஒளித்து வைத்தேன், எடுத்து வருகிறேன்” என்று ஆடிக்கொண்டே உள்ளே போனேன். நான் சிலம்போடு வரும்வரை பிற்பாட்டு ஓயவில்லை.

“சிலம்பு எங்கே?” என்று அவர் கேட்டிருந்தால் கூத்துக் குழம்பியிருக்கும். அவருக்கு முழு ஏடும் பாடம், அதனால்தான் விலகிப் போய்த் திரும்பி வர முடிந்தது. நீயும் உன் வேலையை நன்றாகப் பார்த்துக்கொண்டு கூட்டத்துக்குப் போ. அங்கே போனபின் மறுமொழியை மண்டைக்குள் தேடாதே, கேட்பவரின் முகத்தைப் பார், அவர் கடைசியாகச் சொன்ன சொல்லைப் பிடி. பிழையான காரியத்துக்கும் ஓம் சொல் என்று நான் சொல்லவில்லை. நீ சொன்னது என் காதில் விழுந்தது என்று காட்டுகிற ஓம் அது.

2009இல் போரால் இடம்பெயர்ந்து இருந்த மெனிக்பாம் முகாமில் தண்ணீர் வரிசையில் நிற்கும்போது நீ மண்ணைக் குவித்துக் கடை வைப்பாய். “ஐஸ்கிறீம் இருக்கு” என்பாய். “ஓம், உருகுது, கெதியாகத் தா” என்று அம்மா கை நீட்டுவா. பின்னால் நின்ற பிள்ளைகளும் வாங்க வருவார்கள். அந்த வெயிலில் நீ சிரித்ததை நான் மறக்கவில்லை.

ஆனால் சித்திரையில் நீ வேலை மாறப் போகிறேன் என்றபோது, சொல்லி முடிக்க முதலே “அது சரிவராது” என்று விட்டேன். நீ “சரி அப்பா” என்று போனை வைத்தாய். அது என் பிழை, மகள். அதன்பிறகு அந்தக் கதையை நீ எடுக்கவே இல்லை.

உனக்குச் சனி இரவு, எனக்கு ஞாயிறு விடிய. அப்போது எடு. வேலை விசயத்தை முதலில் இருந்து சொல்லு. வயலுக்குப் பிந்திப் போகலாம்.

அன்புடன்,
அப்பா