மரம் பாதி, புகை பாதி

சென்னையில் மரம் நடும் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு எங்கள் தெருவில் நீங்கள் குழி வெட்டியபோது குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தவன் நான். அப்போதே கேட்க நினைத்தேன், தும்மல் விடவில்லை.

மகரந்தம் தும்மலைக் கிளப்பும் என்று கோனோகார்பஸ் மரம் வேண்டாம் என்கிறீர்கள். சரி. குஜராத் 2023இல் அதைத் தடையே செய்துவிட்டது. ஆனால் மரத்தை எடுத்தால் தும்மல் போய்விடும் என்கிறீர்களே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. வண்டிப் புகைக்கும் இதில் பங்கு உண்டு.

ஜப்பானில் நிக்கோ என்ற ஊர்ப் பக்கம், காற்றில் மகரந்தம் தூவும் சுகி மரங்கள் அதிகம். வண்டிகள் நெரியும் சாலையில், சுகி வரிசைக்கு அருகே குடியிருந்தவர்களில் நூற்றுக்கு 13 பேருக்கு மகரந்த ஒவ்வாமை என்று 1987இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. போக்குவரத்து குறைவான சுகிக் காட்டுப் பகுதியில் 5 பேருக்குத்தான். காட்டில் மகரந்தத்துக்கா பஞ்சம்?

முழு மகரந்தத் துகள் பெரியது, பெரும்பாலும் மூக்கிலேயே சிக்கிவிடும். புகைக் காற்றில் அதன் மேலோடு நைந்து உடையும். உள்ளிருக்கும் புரதம் பொடிப்பொடியாக வெளியேறி, டீசல் கரியில் ஒட்டிக்கொண்டு நுரையீரல் வரை போகும். இன்னொன்று: ஓசோனும் நைட்ரஜன் டை ஆக்சைடும் சேர்ந்தால் பிர்ச் என்ற குளிர்நாட்டு மரத்தின் மகரந்தப் புரதத்தின் வேதி அமைப்பே மாறுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். போதாததற்கு, அதே புகை நம் மூச்சுக்குழாயையும் புண்ணாக்கி வைத்திருக்கிறது.

எங்கள் பால்கனிக் கைப்பிடியைக் காலையில் வெள்ளைத் துணியால் துடைத்தால் முதலில் கறுப்பு, அப்புறம் கறுப்புக்குள் மஞ்சள் பொடி. இரண்டையும் பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை. என் மகளின் மூக்கு மட்டும் எப்படிப் பிரிக்கும்?

நடுச்சாலைத் திட்டுகளில் புங்கம், பூவரசு மாதிரி பூச்சி தேடி வரும் மரங்களை வையுங்கள். அவற்றின் மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் அதிகம் பறக்காது. காற்றில் மகரந்தம் தூவும் மரங்களை வண்டிப் புகைக்குப் பக்கத்தில் நட வேண்டாம்.

அப்புறம், அளந்து பார்க்கவும் வேண்டும். காற்றுத் தரக் குறியீட்டில் 8 மாசுகள் இருக்கின்றன, மகரந்தம் இல்லை. நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை இழுத்து, பசை நாடாவில் துகள்களைப் பிடிக்கும் கருவி ஒன்று உண்டு. நாடா சுற்றி முடிக்க 7 நாள். நீங்கள் ஒன்று வாங்கினால் எங்கள் மொட்டை மாடியில் வைக்கலாம். கரண்ட் செலவு என்னுடையது, வாராவாரம் நாடா மாற்றுவதும் நான்தான்.

இப்படிக்கு,
தண்ணீர்க் குடத்துக்காரன்