எல்லாமே 'தாக்குதல்' தானா? அகராதி தொகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலம்–தமிழ் அகராதி தொகுக்கும் பெரியோர்களுக்கு வணக்கம்.

அட்டாக், ரெய்டு, அசால்ட், ஸ்ட்ரைக், அஃபென்சிவ் என்று எதைப் புரட்டினாலும் பெரும்பாலும் 'தாக்குதல்' என்ற ஒரே பொருள்தான் முதலில் வந்து நிற்கிறது. தமிழில் படித்துவிட்டுப் போகிறவருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. ஆங்கிலத்தில் எழுத உட்காருகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். எல்லாம் ஒன்றுதானே என்று கைக்கு வந்ததைப் போடுகிறார். ராத்திரியோடு ராத்திரியாகப் போய்த் திரும்பிய படை, அவர் வாக்கியத்தில் நாட்டையே பிடித்துவிடுகிறது.

ரெய்டையே எடுத்துக்கொள்வோம். வரித்துறை ரெய்டு என்றால் எல்லோருக்கும் புரியும்: திடுதிப்பென்று வருவார்கள், வந்த வேலையை முடிப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். படையிலும் அதேதான். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஆகஸ்ட் 19 அன்று பிரான்சின் டியெப் துறைமுகத்தில் சுமார் 6,000 பேர் கொண்ட நேசநாட்டுப் படை இறங்கப் போனது, பெரும்பாலோர் கனடாக்காரர்கள். பலத்த அடி வாங்கி அன்றே பின்வாங்கினார்கள். ஜெயித்திருந்தாலும் அங்கே தங்கும் திட்டம் இல்லை. அதனால் அது டியெப் ரெய்டு. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் இறங்கியவர்களோ மண்ணைப் பிடித்து முன்னேற வந்தவர்கள்; அது இன்வேஷன்.

நடுவில் இன்கர்ஷன் என்று ஒரு வழுக்கலான சொல் இருக்கிறது. எல்லை தாண்டுவோம், ஆனால் நெடுநாள் இருக்கமாட்டோம் என்ற சாயல் அதற்கு. 1970 ஏப்ரல் 30 அன்று, கம்போடியாவுக்குள் படை அனுப்புவதை அறிவித்த அமெரிக்க அதிபர் நிக்சன், இது இன்வேஷன் இல்லை என்று அழுத்திச் சொன்னார். அரசுத் தரப்பு இன்கர்ஷன் என்றது. அமெரிக்கத் தரைப்படை ஜூன் கடைசியில் வெளியேறியதும் உண்மைதான். ஆனாலும் உள்ளே வந்தவர் சூட்டும் பெயரை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டுமா? இதற்கு 'ஊடுருவல்' என்று போடுவதும் எனக்கு உறுத்துகிறது. அதில் ஒளிந்து நுழையும் வாடை அடிக்கிறது. டாங்கியோடு வருகிறவர் எங்கே ஒளிவது!

இத்தனைக்கும் இந்தப் பாகுபாடு நமக்குப் புதிதா என்ன? ஆநிரை கவர்ந்து திரும்பினால் வெட்சி, மண் கொள்ளப் படையெடுத்தால் வஞ்சி, மதிலை வளைத்தால் உழிஞை என்று புறத்திணையில் பிரித்து வைத்தவர்கள் நாம். பழஞ்சொல்லை மீட்டுத் தாருங்கள் என்று கேட்கவில்லை, அந்தக் கூர்மை வந்தால் போதும்.

மற்றவை சுலபம். ஸ்ட்ரைக் என்பது குறித்த இலக்கின் மீது விழும் அடி, பெரும்பாலும் வானிலிருந்தோ தொலைவிலிருந்தோ. அசால்ட் என்றால் எதிரியின் நிலை மீது நேரே பாய்வது. அஃபென்சிவ் பெரியது, பல தாக்குதல்களைத் தனக்குள் அடக்கியது. வியட்நாமில் 1968-இன் டெட் அஃபென்சிவ் ஒரே சமயத்தில் எத்தனையோ ஊர்களில் நடந்தது. அப்புறம் ஷெல்லிங்: அதையும் விமானக் குண்டுவீச்சையும் ஒரே சொல்லில் அடைக்காதீர்கள். பீரங்கி ஷெல் வருவதற்கு 'ஷெல்லடி' என்று ஈழத் தமிழர் பேச்சில் ஏற்கனவே சொல் இருக்கிறது. அதை ஏன் இன்னும் அகராதிக்கு வெளியே நிறுத்தி வைக்க வேண்டும்?

அடுத்த பதிப்பில் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பொருளோடு ஒரு வரி விளக்கமும் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியமும் சேருங்கள். இடம் போதாதென்றால் முதலில் ரெய்டு, இன்வேஷன், இன்கர்ஷன் மூன்றுக்காவது.

அன்புடன்,
உங்கள் அகராதியை அன்றாடம் புரட்டும் வாசகன்