பழக்குகிறவர் எல்லாம் தொழில்முறை வீரரா?

ஆசிரியருக்கு,

அறுகம்பையில் ஏப்ரல் பிறந்து அலை எழும்பினால் அலைச்சறுக்குப் போட்டிகளும் வரும், கூடவே ஒரு வாக்குவாதமும் வரும். வெளிநாட்டவருக்குக் காசுக்கு அலைச்சறுக்குப் பழக்குகிற பொடியன் ‘புரொபெஷனல்’ தானே, அவனை உள்ளூர்ப் பிரிவில் எப்படிச் சேர்ப்பது என்று ஒரு தரப்பு கேட்கும். மட்டக்களப்பில் கூடைப்பந்து, நீச்சல், கராத்தே பழக்குபவர்கள் மீதும் இதே கேள்வி விழுகிறது. எங்கள் பதில் ‘இல்லை’ என்பதுதான். வீரருக்குக் காசு கிடைப்பது தன் ஆட்டத்துக்கு: பரிசுப் பணம், ஒப்பந்தம், அனுசரணை. பயிற்றுநருக்குக் காசு கிடைப்பது மற்றவர் பழகுவதற்கு. அவர் நன்றாக ஆடுகிறாரா இல்லையா என்று கட்டணம் கட்டியவர் பார்ப்பதில்லை.

இரண்டு வேலைக்கும் உள்ள தூரத்தை அலைச்சறுக்கிலேயே காணலாம். போட்டியில் ஒரு சுற்று பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடம். ஐந்து நடுவர் இருந்தால் ஒவ்வோர் அலைக்கும் பத்துக்குள் புள்ளி போடுவார்கள். ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு மற்ற மூன்றின் சராசரியை எடுப்பார்கள். ஒருவரின் சிறந்த இரண்டு அலைகள் மட்டுமே கணக்கு. ஆகவே வீரர் செங்குத்தாக எழுந்து வேகமாக ஓடும் அலையைத் தேடுவார். அவர் காலடியில் இருப்பது ஆறடி அளவான மெல்லிய பலகை.

பயிற்றுநர் தேடுவது உடைந்து நுரைத்து வரும் சின்ன அலையை. பேபி பொயின்ற் போன்ற இடம், எட்டு ஒன்பதடி மென்பலகை. தண்ணீரில் இறங்குமுன் இருபது நிமிடமாவது மணலில் எழும்பவும் விழவும் பழக்கவேண்டும். தலையைக் கைகளால் மூடித் தட்டையாக விழவேண்டும், தலைகுப்புறப் பாயக்கூடாது. பலகையோடு ஆளை இணைக்கும் காற்கயிறு பின்காலில் கட்டப்படும். அது பலகையின் நீளத்துக்குக் குறைந்தால், விழுந்தவர் மீதே பலகை திரும்பி வந்து அடிக்கும். கயிற்றின் வெல்க்ரோவில் மணல் ஏறினால் பிடி விட்டுவிடும். பழகுநர் பலகையைத் தனக்கும் அலைக்கும் நடுவில் குறுக்காகப் பிடித்தால் அது நெஞ்சிலோ பல்லிலோ மோதும். படுத்திருக்கையில் பாரம் முன்னுக்குப் போனால் பலகையின் மூக்கு தண்ணீருக்குள் குத்தும். பின்னுக்குப் போனால் அலை அவரை விட்டுவிட்டுக் கடந்துவிடும். இத்தனையையும் ஒரு பார்வையில் பிடித்து, சரியான நொடியில் பலகையைத் தள்ளி, அதே நேரம் பக்கத்தில் இழுவை நீரோட்டம் யாரையும் கொண்டுபோகிறதா என்றும் பார்க்கவேண்டும். எங்கள் கணிப்பில் புதியவர்கள் என்றால் ஒரு பயிற்றுநருக்கு நாலு பேர் போதும். ஐந்தாவது ஆள் இழுபடுவது கண்ணில் படாமல் போகலாம்.

‘நாள் முழுக்கக் கடலில் கிடக்கிறான், அவனுக்கு அனுகூலம்’ என்பது வழக்கமான வாதம். இடுப்பளவு தண்ணீரில் மூன்று நாலு மணித்தியாலம் பலகை தள்ளியவருக்கு அன்று பின்னேரம் தன் ஆட்டத்தைத் தீட்டத் தோளில் வலு மிஞ்சாது. மறுபக்கமும் உண்டு: கோப்பை எடுத்தவர் எல்லாம் பழக்கத் தகுதியானவர் அல்லர். சர்வதேச அலைச்சறுக்குச் சங்கம் பயிற்றுநர் சான்றிதழுக்கு உயிர்காப்புத் தகுதியைக் கேட்கிறது. கோப்பைகளை எண்ணுவதில்லை.

பழக்கிக் கூலி வாங்கியவரை ஒதுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்கவேண்டும். இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டி நிர்வாகிகள் 1879இல் எழுதிய விதி, பிழைப்புக்காக உடற்பயிற்சி பழக்கியவரைப் போட்டியிலிருந்து விலக்கியது. அதே விதி, கூலிக்குப் படகில் வேலை செய்தவரையும் கைவினைஞரையும் தொழிலாளியையும் சேர்த்தே விலக்கியது. அந்த அளவுகோலை மட்டக்களப்பு வாவிக்குக் கொண்டுவந்தால், கூலிக்குத் தோணி வலிப்பவர் எவரும் தோணிப் போட்டிக்கு வரமுடியாது! 1936 குளிர்கால ஒலிம்பிக்கில் மலைச்சரிவுப் பனிச்சறுக்கு முதன்முதலாக இடம்பெற்றபோது, ஹோட்டல்களில் பனிச்சறுக்குப் பழக்கியவர்கள் தொழில்முறையாளர் என்று தடுக்கப்பட்டனர். ஒஸ்திரிய, சுவிஸ் சறுக்கு வீரர்கள் அந்தப் போட்டிகளைப் புறக்கணித்தனர். அறுகம்பையின் இன்றைய சச்சரவு அப்படியே அங்கே நடந்து முடிந்திருக்கிறது. 1988இல் சியோலில் தொழில்முறை டென்னிஸ் வீரர்களே ஒலிம்பிக்கில் ஆடினார்கள். கோல்ஃப் இன்னும் பழைய வழியில் நிற்கிறது. 2022இல் திருத்திய விதிகளிலும், சில விலக்குகள் தவிர, காசுக்குப் பழக்கினால் அமெச்சூர் (காசுக்கு ஆடாதவர்) என்ற நிலை போய்விடும். அது அந்த விளையாட்டின் தனி விதி, எழுத்தில் இருக்கிறது. எழுத்தில் இல்லாத ஒன்றை நம் கரையில் வாய்ப்பேச்சாக நடைமுறைப்படுத்துவதுதான் பிழை.

2019 செப்டெம்பரில் உலக அலைச்சறுக்கு லீக்கின் தகுதித் தொடர்ப் போட்டி அறுகம்பையிலேயே நடந்தது. அந்தத் தொடரில் ஒருவரின் இடத்தைத் தீர்மானிப்பது புள்ளிப்பட்டியல். பிழைப்புக்கு என்ன செய்கிறார் என்பதல்ல.

‘வீரர்’ என்ற பட்டத்தால் பயிற்றுநருக்கு இன்னொரு நட்டமும் இருக்கிறது. விடுதி உரிமையாளர் சிலர், “இவர்கள் விளையாட்டு வீரர்கள், எங்கள் ஊழியர்கள் அல்லர்” என்று சொல்லி, பாடத்துக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். விடுதி நேரம் குறித்து, விடுதியின் பலகையோடு, விடுதி வசூலிக்கும் கட்டணத்துக்கு வேலை செய்பவர் ஊழியர்தான். ஊழியர் சேமலாப நிதி தற்காலிக ஊழியருக்கும், செய்த வேலையின் அளவுக்குக் கூலி பெறுபவருக்கும் உரியது: சம்பளத்தில் உரிமையாளர் 12 சதவீதம், ஊழியர் 8 சதவீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு உரிமையாளர் மேலும் 3 சதவீதம் கட்டவேண்டும். பயிற்றுநர்கள் தேதி, பாட எண்ணிக்கை, பெற்ற தொகை மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், தொழில் திணைக்களத்துக்குப் போகும் நாளில் கையில் சான்று இருக்கும்.

போட்டி ஏற்பாட்டாளர்கள் விண்ணப்பத்தில் தொழிலைக் கேட்பதை விட்டு, கடந்த இரண்டு ஆண்டுகளில் ஆடிப் பெற்ற பரிசுத் தொகை, ஆடுவதற்கான ஒப்பந்தம் அல்லது அனுசரணை, எடுத்த இடங்கள் ஆகியவற்றைக் கேட்கட்டும். புதியவர் பிரிவு, திறந்த பிரிவு என்று அந்தப் பெறுபேற்றை வைத்தே பிரிக்கலாம். பழக்கியபடியே பரிசுப் பணத்துக்கும் ஆடுபவர் இருந்தால், அவரைத் தொழில்முறைப் பிரிவில் சேர்ப்பது அந்தப் பரிசுப் பணத்துக்காக, பாடக் கட்டணத்துக்காக அல்ல. பயிற்றுநர் என்பதைப் பார்க்கவேண்டிய இடம் நடுவர் மேசை. தன்னிடம் பழகுபவர் தண்ணீரில் இருக்கும் சுற்றுக்கு அவர் புள்ளி போடக்கூடாது. படிவம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் வேறு யாராவது நிரப்பிக் கொடுப்பார்கள், ‘புரொபெஷனல்’ கட்டத்தில் தெரியாமல் ஒரு சரியடையாளம் விழுந்துவிடும்.

இங்ஙனம்,
கரையோர விளையாட்டுப் பயிற்றுநர்கள் சிலர்,
பொத்துவில்