பை டவுன் நார்மன் ஐயாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கிளைட் நார்மன் ஐயாவுக்கு,

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உங்கள் பலகாரத்தால் பெயர் பெற்ற ஊருக்குப் போய்வந்தேன். பை டவுன் என்றதும் அம்மா போனில் கேட்டது, "என்ன பை? மஞ்சப்பையா, கட்டைப்பையா?" தட்டு அகலத்துக்கு ஒரு சோமாசி, உள்ளே பூரணத்துக்குப் பதில் ஆப்பிள், எண்ணெயில் போடாமல் சுட்டெடுப்பது என்று விளக்கினேன். "சரி, வயிறு நிறைஞ்சுதா?" என்றார்.

சோக்கோரோவிலிருந்து 60ஆம் எண் சாலையில் மேற்கே போனால், வெட்டவெளியில் வானொலித் தொலைநோக்கியின் 27 வெள்ளைக் கிண்ணங்கள் நிற்கின்றன. அதையும் தாண்டி மலையேறினால் உங்கள் ஊர். வண்டியைக் கொஞ்சம் அழுத்தினால் ஊர் முடிந்துவிடும்.

முதல் உலகப்போரிலிருந்து திரும்பி, தாது கிடைக்கும் என்று இங்கே நிலம் பிடித்தீர்கள். மண் கைவிட்டது. 1920களில் சாலையோரம் கடை போட்டு, உலர்ந்த ஆப்பிளில் பை சுட்டு விற்றீர்கள். இந்தக் காட்டில் பச்சைப் பழத்துக்கு எங்கே போவது? மாடு மேய்க்கிறவர்கள் தேடி வந்து வாங்கினார்கள். பிறகு தபால் துறையினர் வேறு நல்ல பெயர் வையுங்கள் என்றபோதும் ஊர் மசியவில்லையாம்.

எனக்கு ஒரு மனத்தாங்கல். கதை சொல்கிறவர்கள் உங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். பிறகு கடை ஹார்மன் கிரெய்க் கைக்குப் போனது. அவர் வீட்டு அம்மாவும் பெண்பிள்ளைகளும்தான் அப்புறம் அடுப்படியில் நின்றார்கள். 1940இல் புகைப்படக்காரர் ரசல் லீ வந்து படமெடுத்தபோது, வறட்சிக்குத் தப்பி டெக்சாஸ், ஓக்லஹோமாவிலிருந்து வந்து பீன்ஸ் பயிரிட்ட குடும்பங்களால் ஊர் நிறைந்திருந்தது. 1950களில் வறட்சி இங்கேயும் வந்தது, ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள். பல வருடம் பை டவுனில் தின்னப் பை இல்லை! 1990களின் நடுவில் டெக்சாஸிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும் இது என்ன அநியாயம் என்று ஆதங்கப்பட்டு, மூடிக் கிடந்த கடையைத் திறந்தார்கள்.

அது லேசான வேலையில்லை. ஊர் கிட்டத்தட்ட 8,000 அடி உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆனால் பழம் வேக நேரமாகும். காற்றில் ஈரம் இல்லை. பிசைந்த மாவு காய்ந்து ஓரம் வெடிக்கும். தண்ணீர் கொஞ்சம் கூடத் தெளிக்க வேண்டும். எவ்வளவு என்றால், எங்கள் பாட்டி சொல்வதுபோல "கைக்குத் தெரியும்". அந்தக் கை ஒரு வீட்டுக்குள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்று பழகினால்தான் வரும் என்று நினைக்கிறேன்.

நான் சாப்பிட்டது ஆப்பிளோடு பச்சை மிளகாயும் பைன் கொட்டையும் சேர்ந்த பை. மாங்காயில் மிளகாய்ப்பொடி தொட்டு வளர்ந்த நாக்கு, இரண்டாவது வாயில் சொந்தம் கொண்டாடிவிட்டது. பக்கத்து மேசையில் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைக்கு நடக்கிற ஒரு பையன் மூன்றாவது துண்டில் இருந்தான். பேசக்கூட நிமிரவில்லை.

உலர்ந்த ஆப்பிளில் மிளகாய் போட்டுப் பார்த்தீர்களா ஐயா? போட்டிருக்க மாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது.

கிளம்பும்போது ஒரு முழுப் பை வாங்கினேன். காரில் கிடந்த மஞ்சப்பையில் வைத்து, படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

இப்படிக்கு,
பைக்குள் பை கொண்டுபோனவன்