'ஆல்வேஸ்' பாட்டைப் பற்றி தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

அமெரிக்கப் பாட்டாசிரியர் இர்விங் பெர்லினின் 'ஆல்வேஸ்' ('எப்போதும்') பாட்டை உன் கீபோர்டு டீச்சர் வாசிக்கக் கொடுத்திருக்கிறார் என்றும், அது உனக்குப் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். "எப்போதும் காதலிப்பேன், எப்போதும் காதலிப்பேன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்கு. இதுல என்ன இருக்கு?" என்று கேட்டிருந்தாய். 1925-லேயே ஒருவர் இதைக் கேட்டுவிட்டார். ஜார்ஜ் எஸ். காஃப்மன் என்ற நாடக ஆசிரியர். மார்க்ஸ் சகோதரர்கள் என்ற நகைச்சுவை நடிகர்களுக்காக அவர் 'த கோகோநட்ஸ்' நாடகத்தை எழுத, பெர்லின் பாட்டுகள் போட்டுக்கொண்டிருந்தார். 'எப்போதும்' என்பது ரொம்ப நீண்ட காலமாயிற்றே, 'வியாழக்கிழமை உன்னைக் காதலிப்பேன்' என்று வைத்தால் நம்பும்படி இருக்கும் என்றாராம் காஃப்மன். பாட்டு அந்த நாடகத்தில் சேரவில்லை.

காஃப்மன் கெட்டிக்காரர். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் பெர்லின் பக்கம்தான்.

அந்த வார்த்தையை எழுதியவர் யார் என்று கொஞ்சம் பார். ரஷ்யப் பேரரசில் பிறந்து, ஐந்து வயதில் குடும்பத்தோடு நியூயார்க் வந்து இறங்கிய ஏழை யூதப் பையன். பாடிக்கொண்டே பரிமாறும் வெயிட்டர் வேலையிலிருந்து மேலே வந்தவர். 1912-இல் டொரதி கெட்ஸ் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு தேனிலவுக்கு கியூபா போனார். அந்தப் பெண்ணுக்கு டைபாய்டு வந்தது. கல்யாணமாகி ஐந்தே மாதத்தில் இறந்துபோனாள். அப்போது பெர்லினுக்கு வயது 24. ஐந்து மாதத்தில் எல்லாம் முடிந்துபோகும் என்று நேரில் பார்த்த மனிதர், பதின்மூன்று வருஷம் கழித்து 'எப்போதும்' என்று எழுதுகிறார். அதை விவரம் தெரியாத பேச்சு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

இந்தப் பாட்டு முதலில் காதலிக்காக எழுதப்பட்டதில்லை என்பார்கள். பெர்லினின் மெட்டுகளை இசைக் குறிப்பாக (நோட்ஸ்) எழுதிக் கொடுத்துவந்த ஆர்தர் ஜான்ஸ்டனின் தோழி, பெயர் மோனா, "என்னைப் பற்றி ஒரு பாட்டு எழுதுங்களேன்" என்று கேட்டாளாம். 'ஆல்வேஸ்' வரும் இடத்தில் 'மோனா' என்று போட்டு, அங்கேயே விளையாட்டாக ஒரு மெட்டைச் சொல்லிவிட்டார் பெர்லின். எலின் மேக்கே வாழ்க்கையில் வந்த பிறகுதான் அது இன்றைய பாட்டாக ஆனது.

எலினைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அப்பா கிளாரன்ஸ் மேக்கே தந்தி கம்பெனி முதலாளி, பெரும் பணக்காரர், கத்தோலிக்கர். பெர்லின் யூதர், பாட்டு எழுதிப் பிழைப்பவர், எலினைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அப்பா சுத்தமாக ஒத்துக்கொள்ளவில்லை. பெண்ணை ஐரோப்பாவுக்கு அனுப்பிவைத்தார். எலின் சும்மா இருக்கும் ஆளா? 1925 நவம்பரில் 'நியூயார்க்கர்' பத்திரிகையில், நாங்கள் ஏன் காபரேக்களுக்கு (ஆட்டம் பாட்டு நடக்கும் இரவு விடுதிகளுக்கு) போகிறோம் தெரியுமா என்று பெரிய வீட்டு விருந்துகளைப் போட்டு உடைத்து ஒரு கட்டுரை எழுதினார். ஊரே பேசியது. ஃபிளாப்பர் என்று சொல்லப்பட்ட 1920-களின் புதுமைப் பெண் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது குட்டை முடியும் சார்ல்ஸ்டன் ஆட்டமும் அல்ல, அந்தக் கட்டுரைதான். 1926 ஜனவரி 4 அன்று இருவரும் சப்வே ரயிலில் போய் நியூயார்க் முனிசிபல் பில்டிங்கில் கல்யாணம் செய்துகொண்டார்கள். கல்யாணப் பரிசாக 'ஆல்வேஸ்' பாட்டின் உரிமையை அப்படியே மனைவி பெயருக்கு எழுதிக் கொடுத்தார் பெர்லின்.

1988-இல் எலின் இறக்கும்வரை, 62 வருஷம், சேர்ந்தே இருந்தார்கள். இடையில் ஒரு கைக்குழந்தையைப் பறிகொடுத்த துக்கமும் உண்டு. அடுத்த வருஷம் 101 வயதில் பெர்லினும் போனார்.

சரி, இப்போது உன் கீபோர்டுக்கு வருவோம். வார்த்தை எளிமையாக இருக்கிறது என்கிறாய். வேலை நடப்பது வார்த்தையில் இல்லை தம்பி. கோரஸை, அதாவது பாட்டின் முக்கியப் பகுதியை, எஃப் மேஜர் சுருதியில் மெதுவாக வாசித்துப் பார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் போகும் வால்ட்ஸ் நடை. முதல் இரண்டு வரியும் எதிர்பார்த்தபடியே போகும். 'நீ போட்ட திட்டங்களுக்கு ஒரு கை தேவைப்படும்போது' என்று ஆரம்பிக்கும் இடம் வந்ததும், பாட்டு ஏ மேஜருக்குத் தாவிவிடுகிறது. எஃப் மேஜரில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது பக்கத்து வீடே அல்ல. கஷ்டம் என்ற பேச்சு எடுத்த உடனே சுருதியின் ஆதாரமே இடம் மாறுகிறது, கவனித்தாயா? அப்புறம் அடுத்தடுத்து வரும் இரண்டு 'ஆல்வேஸ்'களுக்குள் சி செவன்த் என்ற கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) பிடித்து எஃப்புக்குத் திரும்பிவிடுகிறார். விலகிப் போனாலும் திரும்பி வருவேன் என்பதை அந்த ஒரே வார்த்தைக்கு அடியில் கார்டு மாற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் நீ இடது கையை அவசரப்படுத்துகிறாய் என்று நினைக்கிறேன். அதனால்தான் பாட்டு ஒரே மாதிரி கேட்கிறது.

கடைசி வரிகளில் ஒரு மணி நேரத்துக்கு இல்லை, ஒரு நாளைக்கு இல்லை, ஒரு வருஷத்துக்கு இல்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போய், அடுத்த அளவு சொல்லாமல் 'ஆல்வேஸ்' என்று நிறுத்துகிறார். அதற்கு முன்னால் எல்லா நாளும் நல்ல நாளாக இருக்காது என்றும் ஒத்துக்கொள்கிறார். இதைவிட நேர்மையாக ஒரு காதல் பாட்டு எழுத முடியுமா?

இதில் உனக்குப் பிடிக்கக்கூடிய இன்னொன்றும் உண்டு. இவ்வளவு செய்த மனிதருக்கு நோட்ஸ் எழுதவோ படிக்கவோ சரியாக வராது. பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளை வைத்து எஃப் ஷார்ப்பில்தான் வாசிப்பார். வேறு சுருதி வேண்டுமென்றால் பியானோவின் கட்டைகளுக்கு அடியில் இருக்கும் லீவரைத் தள்ளுவார்; உள்ளே இருக்கும் இயந்திரம் நகர்ந்து வேறு தந்திகளுக்கு நேராக நிற்கும். உன் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் செய்கிற வேலைதான், ஆனால் மரமும் இரும்புமாக. அப்படி ஒரு பியானோ இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வாசிப்பதற்கு முன்னால் இரண்டு பதிவுகளைக் கேள். ஜாஸ் பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1958-இல் பெர்லின் பாட்டுகளைத் தொகுத்துப் பாடியபோது பாடியது ஒன்று. உச்சரிப்பு அவ்வளவு சுத்தமாக இருக்கும், எல்லா இடமும் தெளிவாகப் புரியும். மற்றது கன்ட்ரி இசைப் பாடகி பாட்ஸி கிளைன் 1963 பிப்ரவரியில் பாடியது. மார்ச் 5 அன்று விமான விபத்தில் அவர் இறந்துவிட்டார். அது தெரியாமல் கேட்டாலும் அந்தக் குரல் பிடித்து நிறுத்தும். எனக்கு எலாவைவிட பாட்ஸிதான் ஒரு படி மேல். நீ கேட்டுவிட்டு மாற்றிச் சொன்னாலும் சரிதான்.

அடுத்த கிளாஸுக்கு முன்னால் அந்த ஏ மேஜர் இடத்தை மட்டும் தனியாக எடுத்துப் பழகு. பெடலைக் குறைத்துக்கொள். இரண்டாவது 'ஆல்வேஸ்' வரும்போது சி செவன்த்தைக் கொஞ்சம் நீட்டி நிறுத்திப் பார், பிறகு எழுது.

அன்புடன்,
அண்ணன்