பிரிண்ட் வேறு, ரிட்டர்ன் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிற பிள்ளைகள் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ் என்கிற நிரல் மொழியைப் படிக்கிறார்கள், பிளஸ் டூவில் பைத்தான் மொழிக்கு மாறுகிறார்கள். மாறும்போது, விடையைத் திரையில் காட்டும் பிரிண்ட்டுக்கும் அதைக் கேட்ட இடத்துக்கே திருப்பித் தரும் ரிட்டர்னுக்கும் உள்ள வித்தியாசத்தில் தவறாமல் தடுக்கி விழுகிறார்கள். கோத்தகிரியில் சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

தேயிலைக் கொழுந்து கொண்டுவரும் சிறு விவசாயிகளின் பெயர்ப் பதிவேட்டுக்கு ஒரு கிளாஸ் (தகவலையும் அதைக் கையாளும் வேலைகளையும் சேர்த்து வைக்கும் நிரல் பகுதி) எழுதுகிறார்கள் என்று வையுங்கள். பெயருக்கு முன்னும் பின்னும் கிடக்கும் வெற்றிடத்தை நீக்க, அந்தக் கிளாஸுக்குள் அந்த ஒரு வேலையைச் செய்யும் சின்ன மெத்தட். அதற்குள் வெற்றிடத்தை நீக்கித் தரும் ஸ்ட்ரிப்பை மட்டும் கூப்பிட்டுவிட்டு, பெயர் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். ஆனால் பைத்தானில் ஒரு ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர், உருவான பிறகு அதை மாற்றவே முடியாது. ஸ்ட்ரிப், ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தாக்கும் அப்பர், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடும் ரீப்ளேஸ் எல்லாமே மாற்றிய ஸ்ட்ரிங்கைத் தனியாகத் திருப்பித் தருகின்றன, அதை வாங்கி வைக்காவிட்டால் கடைக்காரர் நீட்டிய பொருளை வாங்காமல் வீட்டுக்கு வந்த மாதிரிதான். ஜாவாவிலும் இப்படித்தான். சி பிளஸ் பிளஸில் ஸ்ட்ரிங்கின் முதல் எழுத்தை நேரடியாக மாற்றிப் பழகிய பிள்ளைக்கு இதை யாராவது சொன்னால்தானே தெரியும்? ஸ்ட்ரிப்பைச் சும்மா கூப்பிட்டதற்கு எரர் வந்தாலாவது தேடுவார்கள், அதுவும் வராது.

சரி, வாங்கி அதே வேரியபிளில் வைத்துவிட்டார்கள். அப்போதும் மெத்தடுக்குள் மட்டும்தான் மாறியிருக்கும், வெளியே பழைய ஸ்ட்ரிங் அப்படியே இருக்கும். ஒன்று ரிட்டர்ன் செய்ய வேண்டும், இல்லையென்றால் செல்ஃப் மூலம் ஆப்ஜெக்டிலேயே, அதாவது கிளாஸிலிருந்து உருவாக்கிய அந்தப் பதிவிலேயே, சேமிக்க வேண்டும்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது, ரிட்டர்ன் போட வேண்டிய இடத்தில் பிரிண்ட் போடும் பழக்கம். அந்த மெத்தடைக் கூப்பிடும் இடத்தில் இன்னொரு பிரிண்ட் இருந்தால், பெயருக்குக் கீழே 'நன்' (None, அதாவது எதுவும் இல்லை) என்று ஒரு வரி வந்து நிற்கும், ஏனென்றால் ரிட்டர்ன் இல்லாத மெத்தட் திருப்பித் தருவது அதைத்தான். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா, வெளியே இருக்கிற பிரிண்ட்டை அழித்துவிடுகிறார்கள். திரையில் பெயர் சரியாகத் தெரிகிறது, ரெக்கார்டு நோட்டில் அவுட்புட்டும் பொருந்துகிறது, கையெழுத்தும் கிடைத்துவிடுகிறது. அந்தப் பெயரை வரிசைப்படுத்தவோ, ஃபைலில் எழுதவோ போகும்போதுதான் கையில் ஒன்றுமே இல்லை என்று தெரியவரும். எஸ்டேட் லைன் வீடுகளில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளி லேப்பில் கிடைக்கும் கொஞ்ச நேரம்தான் எல்லாமே, மழைக்காலத்தில் கரண்ட் போனால் அதுவும் இல்லை. அந்த நேரம் இதிலேயே கரைவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆசிரியர்களிடம் கேட்பது சின்ன விஷயம்தான். லேப்பில் அவுட்புட்டைப் பார்த்து டிக் போடுவதற்கு முன், "இந்த மெத்தட் தரும் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுது" என்று சொல்லிப் பாருங்கள். பிரிண்ட் மட்டும் போட்டிருக்கும் பிள்ளை அங்கேயே நின்றுவிடும், நீங்களும் அங்கேயே சொல்லிக் கொடுத்துவிடலாம். செய்முறைத் தேர்வு வருவதற்குள் உங்கள் மாணவர் பகுதியிலும் இதைப் பற்றி ஒரு கட்டுரை போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.