ஸ்டூல் இருக்கிறது, அதன்மேல் பிஸ்கட் பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் ராத்திரி பத்தரைக்கும் தயிர் பாக்கெட் கிடைக்கிறது. சரி, எனக்கும் வசதிதான். ஆனால் பில் போடும் பெண் நாள் முழுக்க நிற்கிறார், கால் மாற்றிக் கால் மாற்றி. பக்கத்திலேயே ஸ்டூல், அதன்மேல் பிஸ்கட் அட்டைப்பெட்டி. "உட்காரலாமேம்மா" என்றேன். "கேமரா இருக்கு சார்" என்று சிரித்தார்.

ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021லேயே திருத்தம் வந்துவிட்டது. அதற்கு முன்பு, 2019இல், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்று அரசாணை போட்டபோதே, தினம் 8 மணி நேர வேலை, ஓவர்டைம் சேர்த்தாலும் பத்தரை மணி நேரம்தான், இரவு 8 மணிக்கு மேல் பெண்கள் வேலை பார்க்க எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும், ஷிப்டில் வருகிற பெண்களுக்கு வண்டி வசதி வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போட்டிருந்தார்கள். கடை முதலாளிகள் முதல் வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது.

ஷட்டரை இறக்கிக் கல்லா கணக்கு முடித்துவிட்டு அந்தப் பெண்கள் கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். எதிர்ச்சாரி அண்ணாச்சி கடையும் ராத்திரி வரை இருக்கும்தான், ஆனால் மத்தியானம் அரிசி மூட்டைமேல் சாய்ந்து ஒரு தூக்கம் போடுவார், கேட்க ஆள் கிடையாது. (போன பொங்கலோடு அவரும் மூடிவிட்டார்.)

தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு நடை வந்து பார்க்கட்டும்.

ஒரு வாசகர்,
மதுரை